சிறுசேரிக்கும் கிண்டிக்கும் நடுவில் எங்கே குடியேறலாம்?

கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மதுரையிலிருந்து வரும் ஜூனில் சென்னைக்கு மாறுகிறீர்கள். உங்களுக்குச் சிறுசேரி சிப்காட்டில் வேலை, மனைவிக்குக் கிண்டியில். மகள் இரண்டாம் வகுப்புக்குப் போகிறாள். முழங்கால் வலி உள்ள அம்மாவும் கூட வருகிறார். மேடவாக்கம், பெரும்பாக்கம், மேற்குத் தாம்பரம், கேளம்பாக்கம் இந்த நான்கில் எது நல்ல ஏரியா, கையில் இருக்கும் சேமிப்பை வைத்து வந்ததுமே ஃபிளாட் வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் நான்கு பேர், நான்கு பேருக்கும் நாள் வெவ்வேறு விதமாகக் கழியப்போகிறது, அத்தனைக்கும் ஒரே வீடு ஒத்துவர வேண்டும். உங்கள் கேள்வியை நான் இப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

நான் சிவில் இன்ஜினியர். வங்கி வீட்டுக்கடன் கொடுப்பதற்கு முன் அந்த வீட்டை நேரில் பார்த்து மதிப்பிட்டு அறிக்கை தருவது என் தொழில். பல்லாவரம், தாம்பரம், வேளச்சேரி, ஓ.எம்.ஆர். (பழைய மாமல்லபுரம் ரோடு) பக்கமெல்லாம் பல ஆண்டுகளாக இந்த வேலைக்காகத் தெருத்தெருவாகப் போய் வருகிறேன். நிலம், தண்ணீர், கட்டடம், பத்திரம், போக்குவரத்து பற்றி என்னால் உறுதியாகப் பேச முடியும். எந்தப் பள்ளியில் நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஐந்து வருடத்தில் விலை எவ்வளவு ஏறும் என்பதில் என் வார்த்தையை மட்டுமல்ல, யார் வார்த்தையையும் நம்பி முடிவெடுக்காதீர்கள்.

மாறாத விஷயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். ஒரு பகுதிக்குக் கடை வரும், பள்ளி வரும், ரோடு அகலமாகும். தரையின் சரிவு மட்டும் அப்படியே இருக்கும். தென்சென்னைப் புறநகரில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். தாம்பரத்துக்குக் கிழக்கே சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிகள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இருக்கின்றன. மேலே உள்ளது நிரம்பினால் கலங்கல் (உபரி நீர் வழியும் வாய்) வழியாக அடுத்ததற்குப் போகும், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேரும். தெற்கே சித்தாலப்பாக்கம், ஒட்டியம்பாக்கம், பெரும்பாக்கம் பக்கத்துத் தண்ணீரும் அங்கேதான் வருகிறது. சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை அந்த ஒரே இடத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்க வேண்டும். இவ்வளவு பெரிய பரப்புக்கு அந்த மடுவு மிகக் குறுகலான வாய். கடல் கொந்தளிப்பாக இருக்கும் நாளில் அதுவும் தண்ணீரை மெதுவாகத்தான் வாங்கும். சதுப்பு நிலத்தில் பெரும்பகுதி குப்பைமேடும் ரோடும் கட்டடமுமாக மாறிவிட்டது. மிஞ்சியதைக் காப்பாற்ற 2022இல் 1,247 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மழை விட்ட பிறகும் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், துரைப்பாக்கம் பக்கம் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது இதனால்தான். மழை நின்றால் போதாது, மேலே இருக்கும் ஏரிகள் வடிந்து முடிய வேண்டும்.

மேற்குத் தாம்பரத்தின் கதை வேறு. அங்கே பிரச்சினை அடையாறு. 2015 டிசம்பர் 1ஆம் தேதி காலையிலிருந்து மறுநாள் காலை வரை தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. அந்த வெள்ளத்தைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் செம்பரம்பாக்கம் ஏரியில் விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டதைத்தான் சொல்வார்கள். ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரத்துக்கு அது பொருந்தும். முடிச்சூருக்கும் வரதராஜபுரத்துக்கும் பொருந்தாது. செம்பரம்பாக்கத்து உபரி நீர் திருநீர்மலை அருகில்தான் அடையாற்றில் சேருகிறது, முடிச்சூர் அதற்கு மேலே இருக்கிறது. முடிச்சூரை மூழ்கடித்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளிலிருந்து நிரம்பி வந்த தண்ணீர். இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. “இப்போ செம்பரம்பாக்கத்தை முன்கூட்டியே திறந்துடறாங்க, இனி இங்க வெள்ளம் வராது” என்று முடிச்சூர் ரோட்டில் வீடு காட்டும் புரோக்கர்கள் சொல்கிறார்கள். செம்பரம்பாக்கத்தை எவ்வளவு கவனமாகத் திறந்தாலும் முடிச்சூருக்கு அதனால் பெரிய நன்மை இல்லை.

மேற்குத் தாம்பரம் முழுக்க மோசம், மேடவாக்கம் முழுக்க நல்லது என்று இதை எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஏரியாவின் பெயரை வைத்துத் தேர்ந்தெடுப்பதுதான் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் வழக்கமாகச் செய்வது. வீடு தெருவில்தான் இருக்கிறது. மேடவாக்கம் கூட்ரோட்டிலிருந்து தாம்பரம் நோக்கி மேற்கே போகப்போகத் தரை உயரும். வடக்கே பள்ளிக்கரணைக்கும் கிழக்கே பெரும்பாக்கத்துக்கும் போகப்போகத் தாழும். இரண்டு பக்கத்து வீட்டுக்கும் முகவரியில் “மேடவாக்கம்” என்றே போடுவார்கள். மேற்குத் தாம்பரத்திலும் ரயில் நிலையத்தை ஒட்டிய பழைய பகுதிகளின் நிலைமையும் அடையாற்றங்கரையின் நிலைமையும் ஒன்றல்ல.

தெருவை எப்படிச் சோதிப்பது? வீட்டுக்காரரிடமோ புரோக்கரிடமோ “மழைக்குத் தண்ணி நிக்குமா?” என்று கேட்டால் “சான்ஸே இல்ல சார், இது மேட்டு நிலம்” என்ற பதில்தான் எப்போதும் வரும். அதனால் கேள்வியை மாற்றுங்கள். தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர், மளிகைக்கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்டில் இருப்பவர், பக்கத்து அபார்ட்மென்ட் வாட்ச்மேன் ஆகியோரிடம் பேச்சுக் கொடுங்கள். “2023 டிசம்பர்ல இங்க கரன்ட் எத்தனை நாள் இல்ல?” என்று கேளுங்கள். “கார் வச்சிருக்கிறவங்க மழைக்காலத்துல வண்டிய எங்க கொண்டுபோய் விடுறாங்க?” என்று கேளுங்கள். மேம்பாலத்தில் விடுகிறோம் என்ற பதில் வந்தால் மேற்கொண்டு கேட்க வேண்டியதில்லை. அவர்கள் விற்க வந்தவர்கள் அல்ல, மறைப்பதற்கு அவர்களுக்கு ஒன்றும் இல்லை.

பிறகு கண்ணால் பாருங்கள். காம்பவுண்டுச் சுவரில் ஒரே மட்டத்தில் ஓடும் கறை, மார்பு உயரத்துக்கு ஏற்றி வைத்த இ.பி. மீட்டர் பெட்டி, வாசலில் புதிதாகக் கட்டிய ஒன்றரை அடித் தடுப்பு, மேடை போட்டு மேலே தூக்கிவைத்த ஜெனரேட்டர் எல்லாமே தெருவின் வரலாற்றைச் சொல்பவை. ஜாக்கி வைத்து வீட்டையே உயர்த்தும் வேலை சென்னைப் புறநகரில் இப்போது பரவலாக நடக்கிறது. ஒரே தெருவில் இரண்டு மூன்று வீடுகளை அப்படி உயர்த்தியிருந்தால், அந்தத் தெருக்காரர்கள் லட்சக்கணக்கில் செலவழித்து உங்களுக்குப் பதில் எழுதிவைத்திருக்கிறார்கள். தார் ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதால் வீட்டு வாசல் ரோட்டுக்குக் கீழே போயிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் சாதாரண மழைக்கே தண்ணீர் உள்ளே வரும். கடைசியாக, கணினியில் கூகுள் எர்த்தைத் திறந்து அந்த இடத்தின் பழைய படங்களைப் பாருங்கள். இருபது வருடத்துக்கு முந்தைய படங்கள் பல இடங்களுக்குக் கிடைக்கின்றன. மழைக்காலம் முடிந்த டிசம்பர், ஜனவரி மாதப் படத்தில் உங்கள் மனை இருக்கும் இடம் நீலமாகவோ கரும்பச்சையாகவோ தெரிந்தால், அது தண்ணீர் தங்கிய இடம்.

இதில் உறுதியாகச் சொல்ல முடியாத பகுதியும் ஒன்று உண்டு. 2015க்குப் பிறகு மழைநீர் வடிகால் பணிகள் நிறைய நடந்திருக்கின்றன. ஜெர்மானிய வங்கிக் கடனோடு கோவளம் வடிநிலத்திலும், ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனோடு வடக்கே கொசஸ்தலையாற்று வடிநிலத்திலும் வடிகால்கள் கட்டப்படுகின்றன. முன்பு முழங்கால் அளவு நின்ற சில தெருக்களில் இப்போது இரண்டு மணி நேரத்தில் வடிகிறது, இதை நானே பார்க்கிறேன். வழக்கமான பருவமழைக்கு இந்த வடிகால் கை கொடுக்கும். ஒரே நாளில் 40 சென்டிமீட்டர் கொட்டினால் கை கொடுக்குமா என்பதற்கு இன்னும் விடை கிடையாது. ஏரியும் சதுப்பும் நிரம்பிவிட்டால் வடிகாலில் போகும் தண்ணீருக்குப் போய்ச் சேர இடமில்லை. அதனால் வடிகால் கட்டியாகிவிட்டது என்பதை மட்டும் காரணமாக வைத்துத் தாழ்வான இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பேன்.

டிசம்பரில் வேண்டாத தண்ணீர் எவ்வளவு முக்கியமோ, மே மாதத்தில் வேண்டிய தண்ணீரும் அவ்வளவு முக்கியம். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அப்போது ஓ.எம்.ஆர். ஓரத்துப் பெரிய அபார்ட்மென்ட்கள் முழுக்க முழுக்க டேங்கர் லாரியை நம்பி இருந்தன. நெம்மேலியில் 2013இல் ஒன்றும் 2024இல் ஒன்றுமாகக் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வந்த பிறகு தென்சென்னையின் நிலைமை கொஞ்சம் தேறியிருக்கிறது. ஆனாலும் மாநகராட்சியோடு 2011இல் சேர்ந்த பகுதிகளில் குழாயும் பாதாளச் சாக்கடையும் இன்னும் எல்லாத் தெருவுக்கும் போகவில்லை. நீங்கள் கேட்ட நான்கில் ஒன்றுகூடச் சென்னை மாநகராட்சிக்குள் இல்லை. மேற்குத் தாம்பரம் 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சியில் இருக்கிறது. மற்ற மூன்றும் எவ்வளவு உயரமாகக் கட்டடம் எழுந்திருந்தாலும் ஊராட்சிப் பகுதிகளாகத்தான் வளர்ந்தவை. எனவே வீடு பார்க்கும்போது தண்ணீர் எங்கிருந்து வருகிறது, போரில் (ஆழ்துளைக் கிணற்றில்) வருடம் முழுக்கத் தண்ணீர் இருக்கிறதா, மே மாதத்தில் எத்தனை லாரி வாங்கினார்கள், அந்தச் செலவு மெயின்டனன்ஸில் சேருமா தனியா என்று அசோசியேஷன் செயலாளரிடமே கேளுங்கள். கணக்குப் புத்தகத்தை எடுத்துக் காட்டச் சொன்னாலும் தப்பில்லை.

போர் தண்ணீரின் தரத்தையும் சோதிக்க வேண்டும். கடலுக்கும் கழிமுகத்துக்கும் அருகில், முக்கியமாக உப்பளங்கள் இருந்த கேளம்பாக்கம் பக்கம், பல இடங்களில் உப்பு. குரோம்பேட்டை, நாகல்கேணி, பல்லாவரம் பக்கம் தோல் தொழிற்சாலைகளின் கழிவால் நிலத்தடி நீர் நீண்ட காலமாகவே கெட்டிருக்கிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். இந்தியத் தரக்கட்டளையின்படி குடிநீரில் இந்த அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாதபோது 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். 2,000க்கு மேல் காட்டும் வீட்டில் குடிக்க ஆர்.ஓ. போட்டுக்கொள்ளலாம், ஆனால் குளிக்கவும் துவைக்கவும் அந்தத் தண்ணீர்தான். குழாயும் கீசரும் சீக்கிரம் அரித்துப்போகும். கழிவுநீருக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்கிறதா, செப்டிக் டேங்கா, சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் அது உண்மையிலேயே ஓடுகிறதா என்பதையும் பாருங்கள். ஓடாமல் இருந்தால் வாசமே சொல்லிவிடும்.

அடுத்து போக்குவரத்து. இதில் நான் கடுமையாக ஒரே ஒரு விதியைத்தான் சொல்வேன்: இன்று ஓடுவதை மட்டும் கணக்கில் எடுங்கள். உங்கள் இருவரின் அலுவலகத்தையும் வரைபடத்தில் வைத்துப் பார்த்தால், மெட்ரோ இரண்டாம் கட்டம் உங்களுக்காகவே போட்டதுபோலத் தோன்றும். மொத்தம் 118.9 கிலோமீட்டர், திட்ட மதிப்பு 63,246 கோடி ரூபாய், மூன்று வழித்தடங்கள். மாதவரத்திலிருந்து ஓ.எம்.ஆர். வழியாகச் சிறுசேரி சிப்காட் வரை ஒன்று. மாதவரத்திலிருந்து கோயம்பேடு, பரங்கிமலை, மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் வரை இன்னொன்று. மூன்றாவது, கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி நோக்கிப் போவது, உங்களுக்குச் சம்பந்தம் இல்லாதது. முதல் இரண்டும் ஓட ஆரம்பித்தால் மேடவாக்கத்தில் ஏறி ஒரு பக்கம் பரங்கிமலைக்கும் மறுபக்கம் சோழிங்கநல்லூர் மாறிச் சிறுசேரிக்கும் போகலாம். தூண்கள் எழும்புவது எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. ஆனால் மத்திய அமைச்சரவை ஒப்புதலே 2024 அக்டோபரில்தான் வந்தது. எந்தப் பகுதி எந்த மாதம் திறக்கும் என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை நம்பி உங்கள் மகளின் பள்ளி வருடங்களைத் திட்டமிடக் கூடாது. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரை வெறும் 5 கிலோமீட்டர் பறக்கும் ரயில் நீட்டிப்பு 2008இல் தொடங்கியது. ஆதம்பாக்கத்தில் அரை கிலோமீட்டர் நிலத்துக்கான சிக்கலால் அது பதினைந்து வருடத்துக்கு மேல் இழுத்தது. அது சீக்கிரம் வரும் என்று நம்பி அந்தப் பக்கம் வீடு வாங்கியவர்களின் குழந்தைகள் கல்லூரியே முடித்துவிட்டார்கள்.

இன்றைய நிலைமையில் தென்புறநகரில் நேரத்துக்கு நம்பக்கூடிய ஒரே வண்டி கடற்கரை – தாம்பரம் எலெக்ட்ரிக் ட்ரெயின்தான். தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு அரை மணி நேரத்தில் போய்விடலாம், மழையோ நெரிசலோ ஜி.எஸ்.டி. ரோட்டை அடைத்தாலும் பெரும்பாலும் ரயில் ஓடும். மேடவாக்கத்திலிருந்து கிண்டிக்கு என்றால் பள்ளிக்கரணை, கைவேலி, வேளச்சேரி விஜயநகர் என்று ஒவ்வொரு சந்திப்பிலும் நிற்க வேண்டும். சிறுசேரிக்கு மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் போய், ஓ.எம்.ஆரில் செம்மஞ்சேரி, நாவலூர் தாண்ட வேண்டும், மெட்ரோ வேலை நடக்கும்வரை அதுவும் மெதுவாகத்தான் நகரும். கேளம்பாக்கம் உங்களுக்கு அலுவலகத்துக்குப் பக்கம். உங்கள் மனைவிக்கு ஓ.எம்.ஆரின் நீளம் முழுவதையும் தினமும் இரண்டு முறை கடக்கிற வாழ்க்கை. கேளம்பாக்கத்தை எடுத்துவிடச் சொல்வதற்கு எனக்கு இது ஒன்றே போதும்.

புரோக்கர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு காட்டுவார்கள். அன்றைக்கு எல்லா இடமும் “இருபதே நிமிஷம்”. நீங்கள் ஒரு செவ்வாய் அல்லது புதன் காலை எட்டரை மணிக்கு அந்த வீட்டு வாசலில் நின்று, அங்கிருந்து இரண்டு அலுவலகத்துக்கும் போய்ப் பாருங்கள். மாலை ஏழு மணிக்குத் திரும்பியும் வாருங்கள். உங்கள் கம்பெனி பஸ் எந்த நிறுத்தத்தில் நிற்கிறது, உங்கள் மனைவி இரவு ஒன்பது மணிக்கு இறங்கினால் நிறுத்தத்திலிருந்து வீடு வரை விளக்கு இருக்கிறதா என்று கவனியுங்கள். அந்த வழியை அவரே ஒருமுறை நடந்து பார்க்கட்டும். அவருக்குச் சரியாகப் படவில்லை என்றால் அந்த வீடு வேண்டாம்.

உங்கள் கேள்வியில் அம்மாவைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது. நாள் முழுக்க அந்த வீட்டில், அந்தத் தெருவில் இருக்கப்போகிறவர் அவர்தான். மதுரையில் காய்கறிக்காரர் பெயர் தெரிந்து, கோயிலுக்கு நடந்து போய், வாசலில் நாலு பேரோடு பேசிப் பழகியவர், பதினான்காவது மாடியில் பூட்டிய கதவுக்குள் உட்கார்ந்து உங்கள் வருகைக்காகக் காத்திருப்பதைப் பல வீடுகளில் பார்த்து மனம் கஷ்டப்பட்டிருக்கிறேன். மதிப்பீட்டுக்குப் போகும்போது கதவைத் திறப்பது பெரும்பாலும் அவர்களைப் போன்ற பெரியவர்கள்தான். ஒரு காபி கொடுத்து அரை மணி நேரம் பேசாமல் விடமாட்டார்கள். அம்மாவால் ஆட்டோ இல்லாமல் நடந்து போகிற தூரத்தில் ஒரு கோயிலோ பூங்காவோ, ஒரு மருந்துக்கடை, ஒரு காய்கறிக்கடை இருக்க வேண்டும். அதற்கு மெயின் ரோட்டைக் கடக்க வேண்டிய அவசியம் இருக்கக் கூடாது. மேடவாக்கம் மெயின் ரோட்டில் நடைபாதை என்று சொல்லும்படி பல இடங்களில் ஒன்றும் இல்லை. முழங்கால் வலிக்குத் தரைத்தளம் வசதி என்று நினைப்பீர்கள். இந்தப் பகுதிகளில் நான் முதல் அல்லது இரண்டாம் மாடியைத்தான் சொல்வேன், லிஃப்ட் இருந்து, கரன்ட் போனால் அது ஜெனரேட்டரில் ஓட வேண்டும்.

மகளுக்குப் பள்ளியை முதலில் முடிவு செய்து, அதைச் சுற்றி வீடு தேடுங்கள். வீட்டை எடுத்துவிட்டுப் பள்ளி தேடினால் வேனில் ஒரு மணி நேரம் போகிற நிலை வரும். வீட்டில் எல்லாரையும்விடக் குறைந்த தூரம் போக வேண்டியது ஏழு வயதுக் குழந்தைதான்.

பெரும்பாக்கத்தைப் பற்றி ஒரு விஷயத்தை வெளிப்படையாகப் பேச வேண்டும். அங்கே நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கிறது, தமிழ்நாட்டிலேயே மிகப் பெரிய குடியமர்வுகளில் ஒன்று. கூவம், அடையாற்றங்கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களை அங்கே கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். “அந்தப் பக்கம் வேண்டாம் சார், ஆளுங்க சரியில்ல” என்று உங்களிடம் பலர் குரலைத் தாழ்த்திச் சொல்லப்போகிறார்கள். அதைக் காரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தங்கள் வேலையையும் பள்ளியையும் இழந்து இருபது கிலோமீட்டர் தள்ளி வந்து வாழ்க்கையை மறுபடி கட்டிக்கொண்டவர்கள் அவர்கள். உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிறவரும், நீங்கள் ஏறும் ஆட்டோவை ஓட்டுகிறவரும் அவர்களில் ஒருவராக இருக்கலாம். பெரும்பாக்கத்தில் நான் தயங்குவது தரைமட்டத்தை வைத்துத்தான். சதுப்பின் தென்விளிம்பில் இருக்கும் தாழ்வான நிலம் அது. அதே தயக்கம் அங்கே இருக்கும் விலை உயர்ந்த அபார்ட்மென்ட்களுக்கும் பொருந்தும்.

இனி வாங்குவதா, வாடகையா என்பது. முதல் வருடம் வாடகைக்கு இருங்கள். நீங்கள் ஜூனில் வருகிறீர்கள். பதினொரு மாத அக்ரிமென்ட் முடிவதற்குள் ஒரு வடகிழக்குப் பருவமழையையும், ஒரு ஏப்ரலையும் பார்த்துவிடுவீர்கள். சென்னையின் ஆண்டு மழை சுமார் 140 சென்டிமீட்டர், அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். அந்த மூன்று மாதம் சொல்லிக்கொடுப்பதை எந்த இன்ஜினியரும் சொல்லிக்கொடுக்க முடியாது. அவசரப்பட்டு வாங்கி, பிடிக்காமல் விற்றால் நஷ்டம் சாதாரணமானதல்ல. மறுவிற்பனை வீட்டின் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம் வாங்கிய அன்றே போய்விடும், திரும்பி வராது. அட்வான்ஸாகப் பத்து மாத வாடகை கேட்கும் பழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்க முடியாது. இதைச் சொல்லிப் பேரம் பேசுங்கள், பெரும்பாலும் ஐந்து மாதத்துக்காவது இறங்கி வருவார்கள்.

ஒரு வருடம் கழித்து வாங்கும்போது செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எட்டு வீடுகளுக்கு மேலோ 500 சதுர மீட்டருக்கு மேலோ உள்ள புதிய திட்டம் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் இருக்க வேண்டும், அதைத் தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள். சர்வே எண்ணை வாங்கிப் பட்டாவும், நிலத்தின் அளவையும் எல்லையையும் காட்டும் புலப்பட வரைபடமும் அரசின் இணையதளத்தில் எடுத்துப் பாருங்கள். பக்கத்துச் சர்வே எண்களில் ஏரி, வாய்க்கால், புறம்போக்கு என்று வந்தால் நின்று நிதானமாக விசாரியுங்கள். வில்லங்கச் சான்றிதழை முப்பது வருடத்துக்குப் போடுங்கள், தாய்ப்பத்திரத்தை வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வங்கி கடன் கொடுக்கிறது என்பதால் எல்லாம் சரி என்று அர்த்தம் இல்லை. நான் எழுதும் அறிக்கை வங்கியின் பணத்துக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்பதற்கானது, மழையில் உங்கள் வாசலுக்குத் தண்ணீர் வருமா என்பது அதில் பெரும்பாலும் ஒரு கேள்வியாகவே இருக்காது. பள்ளிக்கரணை சதுப்பை ஒட்டி வாங்குவதாக இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. 2025இல் பசுமைத் தீர்ப்பாயம் அந்த ராம்சர் பகுதியிலும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டரிலும் புதிய கட்டுமான அனுமதி கொடுப்பதை நிறுத்திவைத்தது. எல்லை எப்படி முடிவாகும் என்று தெளிவாகும்வரை அந்த வட்டத்துக்குள் பணத்தைப் போட வேண்டாம்.

இவ்வளவையும் வைத்து உங்களுக்கு நான் சொல்வது, நீங்கள் கொடுத்த நான்கு பெயரிலும் இல்லாத ஓர் இடம். வேளச்சேரி – தாம்பரம் ரோட்டில் மேடவாக்கம் தாண்டி மேற்கே வேங்கைவாசல், சந்தோஷபுரம், செம்பாக்கம், இராஜகீழ்ப்பாக்கம், சேலையூர் கேம்ப் ரோடு வரையுள்ள பகுதியில் ஏரிக்கரையையும் கலங்கல் வாய்க்காலையும் ஒட்டாத ஒரு தெரு. உங்கள் மனைவி பஸ்ஸிலோ ஷேர் ஆட்டோவிலோ தாம்பரம் ஸ்டேஷன் போய் ரயில் பிடிக்கலாம். நீங்கள் மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகச் சிறுசேரி போக வேண்டும். தூரம் உங்களுக்குத்தான் அதிகம், அதை மறைக்கவில்லை. ஆனால் கம்பெனி பஸ் வசதி உங்களுக்கு இருக்க வாய்ப்பு உண்டு, அவருக்கு இருக்க வாய்ப்புக் குறைவு. நீண்டகாலமாகக் குடியிருக்கும் மக்கள், பழைய கோயில்கள், நடந்து போகும் தூரத்தில் கடைகள் எல்லாம் கேம்ப் ரோடு, சேலையூர் பக்கம் இருப்பதால் அம்மாவுக்கும் பொழுது போகும். பொங்கலுக்கு ஊருக்குப் போகவும் சுலபம். மதுரை போகும் பெரும்பாலான ரயில்கள் தாம்பரத்தில் நிற்கும், 2023 கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் பஸ் நிலையமும் அங்கிருந்து தூரமில்லை.

உங்கள் இருவரில் யாருக்கு வாரத்தில் எத்தனை நாள் அலுவலகம் போக வேண்டும், உங்களுக்கு நைட் ஷிஃப்ட் உண்டா, வாடகைக்கு எவ்வளவு ஒதுக்க முடியும் என்று எழுதுங்கள். உங்கள் மனைவிக்கு வாரத்தில் இரண்டே நாள்தான் கிண்டி என்றால், நான் மேடவாக்கத்துக்குக் கொஞ்சம் நெருக்கமாக, சந்தோஷபுரம் பக்கமாகப் பார்க்கச் சொல்வேன். ஐந்து நாளும் போக வேண்டும் என்றால் சேலையூர்தான். இரண்டு மூன்று வீடுகளைக் குறித்த பிறகு தெருப் பெயரை அனுப்பினால், அந்தத் தெருவின் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.